அவையில் இல்லாதவர்: நண்பர்களின் கேலிப் பேச்சும் அறநூல்களும்

நண்பர்கள் நால்வர் கூடினால் பேச்சு எந்தெந்தத் திசையில் போகும் என்பதை அறநூல்களை இயற்றியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். பாலி மொழியில் அமைந்த தீக நிகாயத்தின் முதற் பகுதியான பிரம்மஜால சுத்தம், துறவி தவிர்க்க வேண்டிய பேச்சுகளைக் குறிப்பிடும்போது அரசர், திருடர், போர், உணவு, பானம், ஆடை, மாலை, நறுமணப் பொருள், வண்டி, ஊர், பெண்கள், வீரர்கள், தெருமுனைச் செய்தி, கிணற்றடிச் செய்தி என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இவை அனைத்துக்கும் அது சூட்டும் பெயர் 'திரச்சான கதா', அதாவது விலங்குப் பேச்சு. விடுதலையை நோக்கி நிமிர்ந்து செல்லாமல் குறுக்கே அலையும் பேச்சு என்று அதற்கு உரை கூறுவர். இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்த அந்தப் பட்டியலில் ஆடை இருக்குமிடத்தில் புதிதாக வந்த காலணியையும், வீரர்கள் இருக்குமிடத்தில் ராப் பாடகர்களையும், கிணற்றடி இருக்குமிடத்தில் இரவு விடுதியையும் வைத்துப் பார்த்தால், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலோ அட்லாண்டாவிலோ ஒரு வெள்ளிக்கிழமை இரவில் இளைஞர்கள் பேசிக்கொள்வதன் பொருளடக்கம் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிடும். பெண்களைப் பற்றிய பேச்சுக்கு மாற்று எதுவும் தேவைப்படாது.

கண்டிப்பு பௌத்தத்துக்கு மட்டும் உரியதன்று. மத்தேயு எழுதிய நற்செய்தியின் 12ஆம் அதிகாரம், மனிதர் பேசும் வீண் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கேட்கப்படும் என எச்சரிக்கிறது. திருக்குறள், புறங்கூறாமைக்கு அடுத்த அதிகாரத்தைப் பயனில சொல்லாமைக்கு ஒதுக்கி, வெற்றுப் பேச்சைப் பாராட்டுபவனை மக்களுள் பதர் என்று தள்ளுகிறது. 1927இல் வெளிவந்த 'இருத்தலும் காலமும்' நூலில் மார்ட்டின் ஹைடெகர், பேசப்படும் பொருளோடு எவ்வித நேர்த்தொடர்பும் இன்றி, பிறர் சொன்னதை மேலும் ஒருவருக்குக் கடத்திவிடுவதையே செயலாகக் கொண்ட பேச்சை அன்றாட வாழ்வின் அடிப்படைத் தன்மைகளுள் ஒன்றாகக் காண்கிறார்; அதைத் தாம் இழிவாகச் சொல்லவில்லை என்று அவர் முன்கூட்டியே கூறிவிட்டாலும், படிப்பவருக்கு அந்த உறுதிமொழியில் முழு நம்பிக்கை பிறப்பதில்லை. ஆக, துறவியும் தீர்க்கதரிசியும் தத்துவவாதியும் ஒரே குரலில் ஒதுக்கிய ஒன்றில் அறம் குடியிருக்க இயலுமா, இயலும் எனின் அப்பேச்சின் எந்த இடத்தில் அது இருக்கிறது என்பது ஆராயத்தக்க கேள்வியாகிறது. அதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் கேலிப் பேச்சையும் அதிலிருந்து கிளைத்த ஹிப்-ஹாப் பண்பாட்டையும் சான்றாக எடுத்துக்கொள்வது பொருத்தமானது. கேலிக்கென்று அத்தனை தெளிவான விதிகளை வகுத்துக்கொண்டு, அதே கேலியை உலகம் முழுதும் கேட்கும் கலையாகவும் வளர்த்தெடுத்த வேறொரு சமூகத்தைச் சுட்டுவது கடினம்.

அறநூல்களின் கண்டனத்துக்குப் பின்னால் சொல்லப்படாத ஓர் எடுகோள் உண்டு. பேச்சு என்பது ஒரு கலம், அதனுள் இருக்கும் பொருளே அதன் மதிப்பு, பொருள் இல்லையேல் கலம் வெற்றுக் கலம் என்பதே அது. மானிடவியலாளர் பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த எடுகோளை அசைத்தார். செய்தி எதையும் தெரிவிக்காமல், பேசுவோருக்கிடையே பிணைப்பை உண்டாக்குவதற்காகவே நிகழும் பேச்சு எல்லாச் சமூகங்களிலும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இந்த விளக்கம் சரியானதே என்றாலும் போதுமானதன்று. நலம் விசாரிப்பதும் வானிலை பேசுவதும் பிணைப்பை உண்டாக்கலாம்; ஆனால் நண்பனின் புதிய காதலைப் பற்றியும், அவன் முந்திய இரவு நடன அரங்கில் ஆடிய ஆட்டத்தைப் பற்றியும், அவன் ஆகச் சிறந்ததென்று வாதிடும் இசைத்தட்டைப் பற்றியும் இரக்கமின்றிக் கேலி செய்வது ஏன் அவனை அவமதிப்பதாகாமல் அணைப்பதாகிறது என்பதை அது விளக்குவதில்லை.

இந்தப் புதிருக்கு நெருக்கமாக வந்த பழைய தத்துவவாதி அரிஸ்டாட்டில். 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் நான்காம் பகுதியில் அவர், ஓய்வும் விளையாட்டும் வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று தொடங்கி, அவற்றுக்கும் ஓர் அறம் உண்டு என்கிறார். எதைச் சொல்லியேனும் சிரிக்க வைத்துவிட வேண்டுமென்று துடிக்கும் கோமாளித்தனம் ஒரு கோடி. தானும் நகைக்காமல் பிறர் நகைப்பதையும் பொறுக்காத முரட்டுத்தனம் மறு கோடி. இடையில் நிற்பது 'யூத்ரபேலியா', அதாவது சூழலுக்கேற்பச் சட்டென்று திரும்பத் தெரிந்த நகைச்சுவைப் பண்பு. அதைவிட முக்கியமானது அவர் போகிற போக்கில் சொல்லிச் செல்லும் மற்றொரு கருத்து: கேலி என்பது ஒருவகை வசையே, சட்டம் இயற்றுவோர் சில வசைகளைத் தடை செய்கின்றனர், ஒருவேளை சில கேலிகளையும் தடை செய்திருக்க வேண்டும், பண்பட்டவன் தனக்குத் தானே சட்டமாக இருப்பான். கேலிக்கும் வசைக்கும் இடையிலான எல்லையை நீதிமன்றம் வரையறுக்க இயலுமா என்ற சிக்கல் அங்கேயே முளைவிட்டிருக்கிறது.

கிறித்தவ மரபில் இதே 'யூத்ரபேலியா' ஒரு விசித்திரமான பயணம் மேற்கொண்டது. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், விசுவாசிகளிடையே இருக்கக்கூடாதவற்றுள் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் சுருக்கம்' நூலின் இரண்டாம் பகுதியில் அதை மீண்டும் நற்பண்புகளின் வரிசையில் சேர்த்தார். உடல் உழைப்பால் களைப்பதைப் போல ஆன்மா சிந்தனையால் களைக்கிறது, அந்தக் களைப்புக்கு மருந்து இன்பமே என்பது அவர் வாதம். அளவு மீறிய விளையாட்டு எவ்வாறு குற்றமோ அவ்வாறே விளையாட்டே அற்றிருப்பதும், பிறர் மகிழ்ச்சியைக் கெடுப்பதும் குற்றம் என்ற அளவுக்கு அவர் சென்றார். அவருக்கும் முன்பே, 395 வாக்கில் பொய்யைப் பற்றித் தனி நூல் எழுதிய அகஸ்டீன், எந்தப் பொய்க்கும் விலக்களிக்காத கடுமையாளராக இருந்தும், நகைச்சுவைப் பேச்சைத் தொடக்கத்திலேயே பொய் என்னும் வகையிலிருந்து நீக்கிவிட்டார். பேசுபவனின் குரலும் முகக்குறிப்பும் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதைக் காட்டிவிடுகின்றன என்பது அவர் தந்த காரணம். இந்த ஒரு காரணத்தில்தான் நண்பர்களின் கேலிக்குரிய மெய்யியல் அடங்கியிருக்கிறது எனலாம். உண்மையற்றதைச் சொல்லி, அது உண்மையற்றது என்பதைக் கேட்பவர் அறிந்திருப்பதைச் சொல்பவரும் அறிந்திருப்பதே கேலி.

அகஸ்டீன் ஒரு பத்தியில் கடந்துபோனதை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிச் சிறுவர்கள் முழு விளையாட்டாக வளர்த்தெடுத்தனர். 'டஸன்ஸ்' என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் வசைப்போட்டியின் பெயர். வட்டாரத்துக்கு வட்டாரம் அதற்கு வேறு பெயர்களும் உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, பெரும்பாலும் ஒருவர் மற்றவரின் தாயைப் பற்றி, மாறி மாறிப் பழிப்புரை வீச, சுற்றி நிற்போர் கூச்சலாலும் சிரிப்பாலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பர். உளவியலாளர் ஜான் டொலார்ட் 1939இல் இதைப் பற்றி எழுதியபோது, ஆதிக்கம் செலுத்தும் வெள்ளையர் மீது காட்ட இயலாத சினம் தம்மவர் மீதே திரும்புவதன் வடிகாலாக இதைக் கண்டார். அந்த விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை, ஆயினும் வடிகால் என்ற சொல் விளையாடுபவரின் திறமையைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுகிறது. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் ஹார்லெமின் சிறுவர் குழுக்களிடையே பதிவு செய்த உரையாடல்களை ஆராய்ந்து, 1972இல் வெளியிட்ட ஆய்வில்தான் அதன் இலக்கணம் வெளிப்பட்டது.

லபோவ் கண்ட முதல் விதி, பழிப்புரை அப்பட்டமாகப் பொய்யாக இருக்க வேண்டும் என்பது. அச்சிறுவர்கள் எல்லாருமே வறுமையில் வாழ்ந்தவர்கள். வீட்டில் கரப்பான்பூச்சி இருப்பதும் சமையலறையில் உணவு குறைவாக இருப்பதும் அவர்களுக்குப் பொதுவான அனுபவம். ஆகவே கரப்பான்பூச்சியைச் சொல்லிக் கேலி செய்பவன், எந்த வீட்டிலும் நடக்கவே இயலாத அளவுக்கு அதை ஊதிப் பெருக்கியாக வேண்டும். இரண்டாம் விதி, பழிப்புரைக்கு மறுப்பு விடையாகாது என்பது. அதனினும் சிறந்த பழிப்புரையே விடை. ஓர் உரையாடலில், ஒரு சிறுவனின் தந்தைக்கு உண்மையிலேயே திக்குவாய் இருந்ததை மற்றொருவன் நடித்துக் காட்டிவிடுகிறான். உடனே ஆட்டத்தின் தன்மை மாறிவிடுகிறது. தாக்கப்பட்ட சிறுவனிடமிருந்து எதிர்க்கேலி வரவில்லை. திக்கினால் என்ன, அதனால் என்ன வந்துவிட்டது என்கிற தற்காப்பு வருகிறது. உண்மை நுழைந்த கணத்தில் விளையாட்டு முறிந்து, அங்கே நிற்பது வெறும் காயம் மட்டுமே. அறநூல்கள் பொதுவாக உண்மையைப் பேசு என்றும் பொய்யைத் தவிர் என்றும் கூறும். இந்த விளையாட்டிலோ உண்மையே வன்முறையாகவும் பொய்யே நாகரிகமாகவும் இருக்கின்றன. நண்பனை நோவடிக்காமல் இருப்பதற்கு அவனைப் பற்றிய உண்மைகளை நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டும், அறிந்து அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவன் தந்தை வேலையிழந்ததும், அவன் காதலி அவனை உண்மையாகவே விட்டுச் சென்றதும் அந்த வாரம் கேலிக்கு வாராப் பொருள்கள். கேலியில் எது சொல்லப்படவில்லை என்பதை வைத்தே ஒருவனை எத்தனை பேர் உண்மையில் அறிந்திருக்கிறார்கள் என்று கணித்துவிடலாம்.

இவ்விடத்தில் வள்ளுவரை மீண்டும் எண்ணிப் பார்ப்பது தகும். நட்பைச் சிரித்து மகிழ்வதற்கானதன்று என்று ஓரிடத்தில் கறாராகச் சொல்லும் அதே நூல், இரண்டு அதிகாரங்கள் தள்ளிப் 'பழைமை' என்னும் தலைப்பில், நெடுநாள் பழகியவர் உரிமை எடுத்துக்கொண்டு செய்வதை மனங்கோணாமல் ஏற்பதே நட்பின் உறுப்பு என்கிறது. அந்த உரிமைக்கு அது 'கெழுதகைமை' என்று பெயரிடுகிறது. பயனில சொல்லாமை அதிகாரத்தைத் தனியே படித்தால் அரட்டை அனைத்தும் பதராகிறது. பழைமை அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தால், சொல்லுக்கு வெளியே, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உரிமையில் அதன் பயன் இருக்கக்கூடும் என்பதற்கு இடம் பிறக்கிறது. கேலியும் கெழுதகைமையின் ஒரு வடிவமே எனக் கொள்வதில் தவறில்லை.

பொய் பொதுவழக்காக இருக்கும் பேச்சில், இப்போது சொல்வது மெய் என்று அறிவிக்கத் தனிக் குறியீடு தேவைப்படும். ஹிப்-ஹாப் பேச்சு அதை மதத்திடமிருந்தே பெற்றது. நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்திலிருந்து விலகிய கிளாரன்ஸ் 13எக்ஸ் 1964இல் ஹார்லெமில் தொடங்கிய ஃபைவ் பர்சென்ட் நேஷன் என்னும் சமயக் குழுவினர், தம் வாக்கே தம் பிணை என்று ஆணையிடும் 'வேர்டு இஸ் பாண்ட்' என்ற தொடரை வழங்கினர். ராக்கிம், பிக் டாடி கேன், பிராண்ட் நூபியன், வூ-டாங் கிளான் முதலியோரின் பாடல்கள் வழியாக அது தெருப்பேச்சில் பரவியது. பாடகர்கள் வட்டமாக நின்று முறைவைத்துப் பாடும் 'சைஃபர்' என்ற கூட்டத்தின் பெயரும் அந்தக் குழுவின் சொல்வழக்கோடு உறவுடையது. பாதிக் கேலியில் ஒருவன் குரலைத் தாழ்த்தி இந்த ஆணையைச் சொன்னால் சிரிப்பு நிற்கிறது. பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகாத இளைஞனும் ஒரு சமயத்தின் சத்தியப்பிரமாணத்தை இரவு விடுதியின் வாசலில் நின்று பயன்படுத்துகிறான் என்பது, வெட்டிப்பேச்சுக்கும் புனிதப் பேச்சுக்கும் இடையே அறநூல்கள் எழுப்பிய சுவர் நடைமுறையில் எத்தனை மெல்லியது என்பதைக் காட்டுகிறது.

இசைத்தட்டுகளைப் பற்றிய வாதம் வேறு வகையைச் சேர்ந்தது. 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமையில் வெளியிடப்படுவது வழக்கமானதால், வியாழன் நள்ளிரவுக்குப் பின் நண்பர் குழுக்களில் தொடங்கும் சர்ச்சைக்கு ஏறக்குறைய ஒரு வழிபாட்டு நாட்காட்டியின் ஒழுங்கு வந்துவிட்டது. ஆகச் சிறந்த ஐந்து ராப் பாடகர்கள் யார் என்ற கேள்வியில் அந்தச் சர்ச்சை போய் முடியாமல் நிற்கும். இமானுவேல் கான்ட், மனிதனின் மதிப்பிடும் திறனை ஆராய்ந்து 1790இல் வெளியிட்ட நூலில் விவரித்த நிலை இதுவே: அழகைப் பற்றிய தீர்ப்பை எந்தச் சான்றாலும் மெய்ப்பிக்க இயலாது, ஆயினும் அதைச் சொல்பவன் எல்லாரும் தன்னோடு உடன்பட வேண்டும் என்று கோருகிறான். இனிப்பு பிடிக்கும் என்பவனோடு எவரும் சண்டையிடுவதில்லை. நாஸின் 'இல்மாட்டிக்' இசைத்தட்டைக் கீழிறக்கிப் பேசுபவனோடு விடியும்வரை சண்டையிடுவர். அந்தக் கோரிக்கைக்கு அடிப்படையாகக் கான்ட் சொன்ன பொது உணர்வை நண்பர்கள் நம்புகிறார்கள் என்பதற்கு அந்தச் சண்டையே அடையாளம்.

இதுவரை கூறியவை யாவும் அவையில் இருப்போர்க்குள் நிகழும் பேச்சைப் பற்றியவை. அறநூல்களின் கண்டனம் உண்மையில் வலுப்பெறுவது அவையில் இல்லாதவரைக் குறித்த பேச்சில்தான். காதலும் இரவும் பேசுபொருளாகும்போது அப்படி ஒருவர் எப்போதும் இருக்கிறார். டஸன்ஸ் விளையாட்டில் தாக்கப்படும் தாயும் அங்கு இல்லாதவளே எனலாம். ஆனால் அவள் கற்பனைத் தாய், உண்மைத் தாயைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் ஆட்டம் முறிந்துவிடும். மேலும் அவளுக்காக விடையிறுக்க மகன் எதிரில் நிற்கிறான். முந்திய இரவு ஒரு பெண் தன்னை மறுத்ததை நண்பர்களிடம் விவரிப்பவனின் நிலை அதுவன்று. அப்பெண் உண்மையானவள், அவள் சார்பில் பேச அங்கே யாருமில்லை, அவளைப் பற்றிச் சொல்லப்படும் மிகை, மிகை என்று அறியப்படாமல் அவள் பெயரோடு ஊரில் உலவும். பொய்யே நாகரிகம் என்ற விதி இங்கே தலைகீழாகிவிடுகிறது.

1984இல் புரூக்ளினைச் சேர்ந்த யூ.டி.எஃப்.ஓ. குழு வெளியிட்ட 'ராக்சான், ராக்சான்' என்னும் பாட்டு இந்தச் சூழலை அச்சாகப் பதிவு செய்தது. குழுவின் மூன்று பாடகர்கள், தம் பகுதிக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் தாம் சென்று பேசியதையும், அவள் தம்மைப் பொருட்படுத்தாததையும் ஒருவர் பின் ஒருவராக விவரிக்கின்றனர். ஒருவன் தோற்றதைச் சொன்னதும் அடுத்தவன் தன் பெருமையைப் பேசத் தொடங்குகிறான், அவனும் தோற்கிறான். பாட்டு முழுதும் ஆண்கள் மூவரின் அரட்டை. அப்பெண் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளை அகந்தை பிடித்தவள் என்று சொல்லிவிட்டு அவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பில் தோல்வியை ஆற்றும் நட்பின் இதம் உண்மையாகவே இருக்கிறது. அந்த இதத்தின் விலையைச் செலுத்துபவள் ராக்சான் என்பதும் அத்தனை உண்மை.

அதே ஆண்டில் குயீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த லொலிட்டா ஷான்டே கூடன் என்னும் 14 வயதுச் சிறுமி, இசையமைப்பாளர் மார்லி மார்லின் வீட்டில், தானே ராக்சான் என்று சொல்லிக்கொண்டு விடை பாடினாள். 'ராக்சான்ஸ் ரிவெஞ்ச்' என்ற அப்பாட்டில் அவள் மூவரையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைத்து, அவர்களுடைய ராப் திறமையையும் காதற் பேச்சையும் சந்தைக்கு இழுக்கிறாள். அவள் ராக்சான் ஷான்டே என்று புகழ்பெற்றாள், யூ.டி.எஃப்.ஓ. தரப்பினர் 'உண்மையான ராக்சான்' என்று மற்றொரு பெண்ணை முன்னிறுத்திப் பாட்டு வெளியிட்டனர்; அதன்பின் ராக்சானின் பெற்றோர், உடன்பிறந்தோர் என்று புதிது புதிதாகப் பாத்திரங்கள் பாடத் தொடங்கி, பல பத்துப் பாடல்களாக அது பெருகியது. வரலாற்றாசிரியர்கள் இதைப் போட்டிப் பாடல்களின் முதல் பெரும் அலையாகக் கொண்டாடுவர். அறவியல் நோக்கில் கவனிக்க வேண்டியது வேறு: அவையில் இல்லாதவள் அவைக்குள் நுழைந்துவிட்டாள், நுழைந்ததும் அந்தப் பேச்சு புறங்கூறலிலிருந்து விளையாட்டாக உயர்ந்தது. ஷான்டே நியாயம் கேட்கவில்லை, தான் அகந்தைக்காரி அல்லள் என்று மறுக்கவுமில்லை. லபோவின் இரண்டாம் விதிப்படி, அதனினும் சிறந்த பழிப்புரையால் விடையிறுத்தாள். வேறு எந்த விடையும் அவளைச் சமமானவளாக ஆக்கியிருக்காது என்றே தோன்றுகிறது. ஆயினும் பதினான்கு வயதில் அத்தனை சொல்வன்மை வாய்ந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி எழாமல் போகாது. இரவு விடுதிக் கதைகளில் வரும் பெண்களுள் பெரும்பாலோர் விடை பாடியதில்லை.

2001இல் ஜே-ஸீயும் நாஸும் மோதிக்கொண்டபோது இந்த எல்லை மீண்டும் வெளிப்பட்டது. ஜே-ஸீயின் 'டேக்கோவர்' பாட்டுக்கு நாஸ் 'ஈதர்' பாட்டால் விடை தந்தார். இருவருமே ஒருவர் மற்றவரின் கலையையும் கௌரவத்தையும் கிழித்தெறிந்தனர், ரசிகர்கள் அதைப் போர்க்கலையாகவே சுவைத்தனர். அடுத்து ஜே-ஸீ வெளியிட்ட பாட்டில் நாஸின் மகளைப் பெற்ற பெண்ணை இழுத்தபோது, அதைக் கேட்ட ஜே-ஸீயின் தாயார் குளோரியா கார்ட்டர், இது எல்லை மீறியது என்று மகனைக் கண்டித்தார். ஜே-ஸீ வானொலியில் மன்னிப்புக் கேட்டார். தலைமுறைகளாக வசைப்போட்டியின் கற்பனை இலக்காக இருந்த தாய், உண்மைத் தாயாக எழுந்து, அவையில் இல்லாத இன்னொரு தாய்க்காகப் பேசியது எந்த அறநூலிலும் எழுதப்படாத ஒரு விதியின் நடுவர் தீர்ப்பு எனலாம். பாடகர்கள் இருவரும் 2005இல் ஒரே மேடையில் சமாதானமாயினர்.

கேட்போர் பெருகும்போது நேர்வது மற்றொரு சிக்கல். அகஸ்டீன் நம்பியிருந்த குரலும் முகக்குறிப்பும் நாலு பேர் கொண்ட வட்டத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். 2024 மே மாதம் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் சில நாள் இடைவெளியில் அடுக்கடுக்காக வெளியிட்ட பாடல்களில் ஒருவர் மற்றவர் மீது கடுமையான தனிப்பட்ட குற்றச்சாட்டுகளை வீசினர். மே 4 அன்று வந்த லமாரின் 'நாட் லைக் அஸ்' 2025 பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. அதற்கடுத்த வாரமே நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் இடைவேளையில் கோடிக்கணக்கானோர் முன் அது பாடப்பட்டது. டிரேக், இருவரின் பாடல்களையும் விநியோகிக்கும் யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் மீது அவதூறு வழக்குத் தொடர்ந்தார். நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2025 அக்டோபரில் அதைத் தள்ளுபடி செய்தபோது கூறிய காரணம் லபோவின் ஆய்வைப் படிப்பதைப் போலவே இருக்கிறது: சூடேறிய ராப் மோதலின் நடுவே வரும் வசைமொழியை, சரிபார்க்கப்பட்ட செய்தி என்று நியாயமான கேட்பவர் எவரும் கொள்ளமாட்டார்.

சட்டத்தின் நோக்கில் அந்தத் தீர்ப்பு சரியானதாகவே தோன்றுகிறது. கலைக்குரிய மிகையைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் நீதிமன்றம் ஆபத்தானது, ராப் வரிகளைக் குற்ற வழக்குகளில் சான்றாக வைத்துக் கறுப்பின இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பிய வழக்கத்தை நினைத்தால் அது விளங்கும். ஆனால் அறத்தின் நோக்கில் ஒரு நெருடல் எஞ்சுகிறது. நியாயமான கேட்பவர் என்பவர் ஹார்லெமின் படிக்கட்டில் அமர்ந்து விதிகளைப் பிள்ளைப் பருவம் முதல் கற்றவர். கோடிப் பேரில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? வட்டம் உடைந்து சந்தையாகும்போது, சிரிப்புக்காகச் சொன்னதைச் செய்தியாகக் கொண்டு செல்பவரும் உள்ளே வந்துவிடுகின்றனர். 1996 செப்டம்பரில் லாஸ் வேகாசில் ராப் பாடகர் டூபாக் ஷகூரும், ஆறு மாதங்களுக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸில் நொடோரியஸ் பி.ஐ.ஜி.யும் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பாடல்களையே முழுக் காரணமாக்குவது பிழை. எனினும் அந்த மரணங்களுக்குப் பின் எந்தப் பாடகரும் வசைப்போட்டி வெறும் சொல் என்று அத்தனை எளிதாகச் சொல்லிவிட இயலவில்லை.

திருச்சபையின் எதிர்ப்பு இப்பின்னணியில் புரிந்துகொள்ளத்தக்கதே. ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகர் கால்வின் பட்ஸ் 1993இல் பெண்களை இழிவுபடுத்தும் ராப் இசைத்தட்டுகளுக்கு எதிராகச் சாலை உருளை இயந்திரத்தைக் கொண்டுவந்து போராட்டம் நடத்தினார். அவர் எதிர்த்தது இரவையோ நடனத்தையோ அன்று, அவையில் இல்லாத பெண்ணைப் பற்றிய பேச்சையே என்ற அளவில் அந்தக் கோபத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் சனிக்கிழமை இரவையும் ஞாயிறு காலையையும் இரண்டு உலகங்களாகப் பிரிக்கும் வழக்கத்தை அந்தத் திருச்சபையின் சொந்த வரலாறே ஏற்பதில்லை. தாமஸ் ஏ. டார்சி 1928இல் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில், இரட்டை அர்த்தம் ததும்பும் புளூஸ் பாட்டொன்றைப் பெரும் வெற்றிப் பாடலாக்கியவர். நான்கே ஆண்டுகளில், மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துயரில், கறுப்பினத் தேவாலயங்களில் இன்றுவரை பாடப்படும் பக்திப் பாட்டை இயற்றியவரும் அவரே. இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972இல் எழுதிய நூலில் புளூஸ் பாடல்களை உலகியல் சார்ந்த ஆன்மிகப் பாடல்கள் என்று அழைத்தது இந்த உறவை மனத்தில் கொண்டே. மதுவிடுதியில் காதலைப் பற்றிப் பாடியவர்களும் தம் உடல் தமக்கே உரியது என்னும் உண்மையை, அதை மறுத்த ஒரு சமூகத்தின் நடுவே, அறிவித்தனர் என்பது அவர் கருத்து.

கறுப்பின மக்களின் அரட்டைக்கு ஆலயம் என்று சொல்லத்தக்க இடம் முடிதிருத்தகம். 2002இல் வந்த 'பார்பர்ஷாப்' திரைப்படத்தில், சிகாகோவின் தென்பகுதிக் கடையொன்றில் எடி என்னும் முதிய முடிதிருத்துநர், குடியுரிமைப் போராட்டத்தின் சின்னமாகிய ரோஸா பார்க்ஸ் பேருந்தில் உட்கார்ந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, அவருக்கு முன்பே பலர் அப்படி உட்கார்ந்தனர் என்று சொல்ல, கடையில் இருப்போர் எல்லாரும் அவர் மீது பாய்கின்றனர். கடைக்குள் எதையும் பேசலாம் என்பது அவருடைய நிலைப்பாடு. படம் வெளிவந்ததும் குடியுரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் கண்டனம் தெரிவித்தார். எடியாக நடித்த செட்ரிக் தி என்டர்டெய்னர் தொகுத்து வழங்கியதால் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் 2003ஆம் ஆண்டு இமேஜ் விருது விழாவுக்கு ரோஸா பார்க்ஸ் வரவில்லை. கேமரா நுழைந்த பின் அந்தக் கடை நாலு பேர் வட்டமாக இருக்கவில்லை என்பதற்கும், அவையில் இல்லாத ஒருவர் தம் வாராமையாலேயே விடையிறுத்தார் என்பதற்கும் இது சான்று.

ஆனால் எடியின் கேலி காயப்படுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் உண்மை கலந்திருந்தது. 1955 டிசம்பர் 1 அன்று பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், அதே மான்ட்கோமரி நகரில், மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைது செய்யப்பட்டாள். அடுத்த ஆண்டு பேருந்துகளில் நிறப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய வழக்கின் வாதிகளுள் அவளும் ஒருத்தி. குடியுரிமைப் போராட்டத் தலைவர்கள் அவளை முன்னிறுத்த விரும்பவில்லை. பொதுவரலாறு அவளை நெடுங்காலம் பேசவுமில்லை. லபோவின் விதிப்படி உண்மையைத் தொட்ட எடி ஆட்டத்தைக் கெடுத்தவர், அறநூல்களின் விதிப்படி பெரியவர் ஒருவரை இழித்துரைத்தவர். ஆயினும் மதிப்புக்குரிய மேடைகள் சொல்லாமல் விட்ட ஒன்றை, முகச்சவரத்துக்கு நடுவே ஒரு வெட்டிப்பேச்சுக்காரர் சொல்லிவிட்டார், அவரும் அவள் பெயரைக் குறிப்பிடாமலே.